மருமகன் ஆர்க்கிடெக்ட்

கேள்வி: எங்கள் பங்குக் கோயில் நூறு வயதைத் தாண்டிவிட்டது. சுண்ணாம்புச் சுவர் உதிர்கிறது, கூரை ஒழுகுகிறது. இடித்துப் புதிதாகக் கட்டலாம் என்கிறார்கள். பேரவைத் தலைவரின் மருமகனே ஆர்க்கிடெக்ட், கட்டணம் வேண்டாமாம். சம்மதிக்கலாமா?
- பங்குப் பேரவை உறுப்பினர், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: இலவச ஆர்க்கிடெக்டிடம் குறை சொல்லவும் முடியாது, அவரை மாற்றவும் முடியாது. யோசியுங்கள்.

அதற்கும் முன்னால், இடிக்கத்தான் வேண்டுமா? எங்கள் ஊர்க் கோயிலில் சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்ட் பூசினார்கள். ஈரம் வெளியேற வழியில்லை. மூன்றே மழைக்காலத்தில் பாளம் பாளமாக விழுந்தது. நாங்கள் சுவரைத் திட்டினோம், குற்றம் பூச்சில். பழைய கட்டடங்களில் கைபழகிய பொறியாளர் ஒருவர் உங்கள் சுவரைத் தட்டிப் பார்க்கட்டும்.

சரி, இடித்துப் புதிதாகக் கட்டியே ஆக வேண்டுமென்றால், ஆயரின் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 1215-ஆம் பிரிவு. நிபுணர் ஆலோசனை கேட்கச் சொல்கிறது 1216-ஆம் பிரிவு. மருமகனுக்கு விலக்கில்லை! இரண்டு மூன்று பேரிடம் வரைபடம் கேளுங்கள். அவர்கள் ஏற்கெனவே கட்டிய கோயிலில் ஞாயிறு பூசைக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்காருங்கள். பிரசங்கம் புரிகிறதா, எதிரொலிக்கிறதா? மின்சாரம் போனால் காற்று வருமா?

அப்புறம், பிரான்சின் ரோன்ஷாம் குன்றில் 1944 போரில் சிதைந்த சிற்றாலயத்தை ஆர்க்கிடெக்ட் லெ கொர்பூசியே புதிதாக எழுப்பியபோது, பழைய கற்களையும் சுவருக்குள் வைத்தே கட்டினார். 1955-இல் அது திறக்கப்பட்டது. உங்கள் கோயில் மணி, கதவு, பீடம் இவற்றில் எதெது தங்க வேண்டும் என்று கடப்பாரை வருமுன்பே எழுதி வையுங்கள்.