கோபத்தால் தலைக்குள் ரத்தக்குழாய் வெடிக்குமா?

மூளை ரத்தக்குழாய்ப் புடைப்பு, அதாவது அனியூரிசம், பற்றி ராமநாதபுரம் கடலோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு நரம்பியல் மருத்துவர் ஒருவர் அளித்த பதில்கள்.

தங்கச்சிமடம் வாசகர்: ஐயா, மீன் விற்ற காசைப் பங்கு பிரிக்கையில் அப்பாவுக்கும் எனக்கும் வாக்குவாதம் வந்தது. தலையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழவேயில்லை. நான்தான் காரணம் என்று உறவினர்கள் பேசுகிறார்கள்.

பதில்: தம்பி, குழாயின் சுவர் அன்று ஒரே நாளில் மெலிந்துவிடவில்லை. பீடியும் கவனிக்காமல் விட்ட ரத்தக்கொதிப்பும் ஆண்டுக்கணக்கில் அரித்த சுவர்தான் பெரும்பாலும் பிளக்கிறது. கோபம் சிறிது நேரம் ரத்த அழுத்தத்தை ஏற்றுவதால் அது கடைசித் தள்ளலாக அமையக்கூடும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் நெதர்லாந்தில் 250 நோயாளிகளிடம் விசாரித்து 2011-இல் வெளியான ஆய்வு, வெடிப்புகளில் கோபத்தின் பங்கை 1.3 சதவீதம் என்றே கணித்தது. தினமும் பலர் குடிக்கும் காபியின் பங்கு 10.6 சதவீதம், மூக்குச் சிந்துவதும் மலம் கழிக்க முக்குவதும்கூட அந்தப் பட்டியலில் கோபத்துக்கு மேலே நிற்கின்றன. காபி போட்டுக் கொடுத்தவரைக் கொலைகாரர் என்று யாரும் சொல்வதில்லையே!

பாம்பன் வாசகர்: கத்திரி வெயிலில் இது அதிகமாக வருமா?

பதில்: இல்லை. பல நாடுகளின் கணக்குப்படி குளிர்மாதங்களில்தான் சற்று அதிகம்.

மண்டபம் வாசகி: கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறேன். அம்மாவுக்கும் அக்காவுக்கும் இந்நோய் வந்தது. நான் தொழிலை விட வேண்டுமா?

பதில்: தொழிலைப் பற்றி முடிவெடுக்கும் முன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், அம்மா. தாய், தந்தை, உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் இருவருக்கு வந்திருந்தால், மூளை ரத்தக்குழாய்களைப் படமெடுத்துக் காட்டும் எம்.ஆர். ஆஞ்சியோ ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதே முறை. புடைப்பு தெரிந்தால், மூச்சடக்கி மூழ்குவதைப் பற்றி அறுவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். பெரியவர்களில் நூற்றுக்கு மூவருக்குப் புடைப்பு இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை வெடிப்பதேயில்லை.

கீழக்கரை வாசகர்: சாதாரணத் தலைவலியிலிருந்து இதை எப்படிப் பிரித்தறிவது?

பதில்: வாழ்நாளில் கண்டிராத கடுமையுடன், ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடும் வலி இது. வாந்தி, கழுத்து இறுக்கம், ஒரு பக்க இமை சரிதல் ஆகியவை கூடவே வரலாம். தைலம் தேய்த்துப் படுக்க வைக்காமல், ஆஸ்பிரினும் கொடுக்காமல், 108-ஐ அழைத்து சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். வெடித்த புடைப்பிலிருந்து மறுபடி ரத்தம் கசியும் ஆபத்து முதல் 24 மணி நேரத்தில்தான் மிகுதி. வலி தொடங்கிய நேரத்தைக் குறித்து வைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள். முதல் ஆறு மணி நேரத்துக்குள் எடுத்த ஸ்கேனில் கசிவு தப்புவது அரிது; அதற்குப் பின் எடுத்தது தெளிவாக இருந்தாலும், முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.