மனு தள்ளுபடியானால் அடுத்து என்ன?

கேள்வி: இங்கிலாந்தில் தொழிலாளிகளுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடிய சார்ட்டிஸ்ட் இயக்கத்தை, சாந்தமான லவெட் கோஷ்டியும் முரட்டு ஓகானர் கோஷ்டியும் அடித்துக்கொண்டே கவிழ்த்துவிட்டன என்கிறார்களே, உண்மையா?

பதில்: பாதி உண்மை. 1838-ல் வெளியான மக்கள் சாசனத்தின் ஆறு கோரிக்கைகளில் (வயதுவந்த ஆண்கள் எல்லோருக்கும் ஓட்டு, ரகசிய வாக்கெடுப்பு, எம்.பி.க்குச் சம்பளம் இப்படி) இரு தரப்புக்கும் பேதமே இல்லை. சாசனத்தைச் சட்டமாக்கச் சொல்லும் மனுவை நாடாளுமன்றம் தள்ளிவிட்டால் அடுத்து என்ன என்பதில்தான் சண்டை. மரச்சாமான் தச்சரான வில்லியம் லவெட், தொழிலாளி படித்து, அமைப்பாகத் திரண்டு, நியாயத்தைச் சொல்லியே ஜெயிக்கலாம் என்று நம்பினார். ஃபியர்கஸ் ஓகானரோ மேடையிலும் தன் 'நார்தர்ன் ஸ்டார்' பத்திரிகையிலும் வடக்கத்தி மில் தொழிலாளர்களை உசுப்பிவிட்டார். 'முடிந்தால் அமைதியாக, முடியாவிட்டால் பலத்தால்' என்பது அப்போது புழங்கிய கோஷம்.

ஆனால் 1839-ல் நடந்ததைப் பாருங்கள். ஜூலையில் மனு 235-க்கு 46 என்று தோற்றது. 'புனித மாதம்' என்ற பெயரில் ஆகஸ்ட் 12 முதல் பொது வேலைநிறுத்தம் என்றார்கள். பட்டினி கிடந்து தாக்குப்பிடிக்க யாரிடமும் காசில்லை என்பதால், வேண்டாம் என்று எழுதியவர்களில் சாட்சாத் ஓகானரும் ஒருவர்! பர்மிங்காமில் கூட்டத்தைப் போலீஸ் அடித்து விரட்டியதைக் கண்டித்துப் போஸ்டர் வெளியிட்டதற்காக ஓராண்டு சிறைக்குப் போனவரோ சாந்தமான லவெட். நவம்பரில் வேல்ஸ் பகுதியின் நியூபோர்ட்டில் ஜவுளி வியாபாரியும் முன்னாள் மேயருமான ஜான் ஃப்ராஸ்ட் பின்னால் ஆயிரக்கணக்கானோர் திரண்டு போக, சிப்பாய்கள் சுட்டு இருபது பேருக்கு மேல் செத்தார்கள்.

1842 டிசம்பரில் நடுத்தர வர்க்கக் கூட்டாளிகள் சாசனத்தை ஓரங்கட்டி வேறொரு மசோதாவை முன்வைத்தபோது, சாசனமே அடிப்படை என்று லவெட் தீர்மானம் கொண்டுவர, ஓகானர் வழிமொழிந்தார். அன்றோடு சரி, ஒட்டவே இல்லை. லவெட் பள்ளிக்கூடம், நூலகம் என்று போனதைக் கோழைத்தனம் என்பவர்களோடு நான் சேர மாட்டேன். ஆனால் வாரக்கூலியில் வயிறு காய்ந்தவனிடம் போய் முதலில் படி என்றால் அவனுக்கு எரிச்சல் வராதா?

கேள்வி: அப்புறம் 1848 மனுவில் கள்ளக் கையெழுத்து இருந்ததாமே?

பதில்: இருந்தது. விக்டோரியா ராணியே கையெழுத்துப் போட்டதாகவும் அதில் காணப்பட்டது. 57 லட்சம் என்றார் ஓகானர். சபை எழுத்தர்கள் எண்ணியதில் 20 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதுவே அன்றைய மொத்த வாக்காளர்களைவிட அதிகம்தான். ஆனால் பெருக்கிச் சொன்னதால், சபை கோரிக்கையை விட்டுவிட்டுக் கணக்கைப் பார்த்துச் சிரித்தது.