தரைக் குளிருக்கு எது தாங்கும்? ஸ்லீப்பிங் மேட் பற்றி வாசகர் கேள்விகள்

முகாமில் தூக்கம் வராதவர்கள் பெரும்பாலும் கூடாரத்தையோ ஸ்லீப்பிங் பேக்கையோதான் குறை சொல்கிறார்கள். அடியில் விரிக்கும் மேட்டைப் பற்றி யோசிப்பதே இல்லை. இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அதைச் சுற்றியே இருப்பதால், எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: என் ஸ்லீப்பிங் பேக் 0 டிகிரி வரை தாங்கும் என்று போட்டிருக்கிறது. ஆனால் 6, 7 டிகிரியிலேயே நடுங்கிவிட்டேன். அதிலும் முதுகுப் பக்கம் தாங்கவே முடியவில்லை. பேக் தரமில்லாததா?

பேக்கைச் சந்தேகிக்கும் முன் அதற்கு அடியில் என்ன விரித்தீர்கள் என்று பாருங்கள். பேக்குக்குள் இருக்கும் பஞ்சோ இறகோ உப்பி நின்று காற்றைப் பிடித்து வைத்திருப்பதால்தான் கதகதப்பு கிடைக்கிறது. நீங்கள் படுத்ததும் முதுகுக்கு அடியில் உள்ள பகுதி நசுங்கி, அந்தக் காற்று போய்விடும். அப்புறம் உங்களுக்கும் குளிர்ந்த தரைக்கும் நடுவில் இருப்பது மேட் மட்டும்தான்.

இன்னொன்று, ஐ.எஸ்.ஓ. 23537 தரப்படி பேக்குகளைச் சோதிக்கும்போது, சூடாக்கப்பட்ட மனித உருவப் பொம்மையை நல்ல வெப்பக்காப்புள்ள மேட்டின் மேல்தான் கிடத்துகிறார்கள். அந்த மேட்டின் ஆர்-மதிப்பு, அதாவது சூடு தரைக்குப் போகாமல் தடுக்கும் திறனைக் காட்டும் எண், கிட்டத்தட்ட 5. வெறும் மெல்லிய ஃபோம் ஷீட்டின் மேல் படுத்துக்கொண்டு அதே எண்ணை எதிர்பார்க்க முடியாது. உங்கள் பேக்கில் போட்டிருக்கும் 0 டிகிரி ‘கம்ஃபர்ட்’ எண்ணா ‘லிமிட்’ எண்ணா என்றும் பாருங்கள். லிமிட் என்பது உடலைச் சுருட்டிக்கொண்டு ஒருவர் ஓரளவு சமாளிக்கக்கூடிய எல்லை. நிம்மதியாகத் தூங்க கம்ஃபர்ட் எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

கேள்வி: ஆர்-மதிப்பு, ஆர்-மதிப்பு என்கிறார்களே, எனக்கு எவ்வளவு தேவை?

வெப்பம் மேட்டைக் கடந்து தரைக்குப் போவதை அந்த மேட் எவ்வளவு தடுக்கிறது என்பதைச் சொல்லும் எண் அது. கணக்கு நேரானது: ஆர் 4 உள்ள மேட் வழியாக, ஆர் 2 உள்ளதில் போவதில் பாதி வெப்பம்தான் போகும்.

முன்பெல்லாம் ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றிய முறையில் அளந்து எண் போட்டது. ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட வழியில்லாமல் இருந்தது. 2018-ல் ஏ.எஸ்.டி.எம். எஃப்3340 என்ற பொதுச் சோதனை முறை வந்தது; 2020 வாக்கில் பெரிய நிறுவனங்கள் அதற்கு மாறின. மேட்டை 5 டிகிரி குளிர்ந்த தகட்டுக்கும் 35 டிகிரி சூடான தகட்டுக்கும் நடுவில் வைத்து, சூடான தகடு அதே சூட்டில் நிற்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்று பார்க்கிறார்கள். அதனால் மேட் வாங்கும்போது இந்தத் தரத்தின் பெயர் எங்காவது இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இல்லையென்றால், அதில் போட்டிருக்கும் எண்ணை மற்றதோடு வைத்துப் பார்க்காதீர்கள்.

எவ்வளவு என்றால், இரவில் 10 டிகிரிக்குக் கீழே போகாத இடங்களுக்கு 2 போதும். உறைநிலை வரை இறங்கும் இடங்களுக்கு 3-லிருந்து 4.5. தரையே உறைந்து கிடந்தால் 5-க்கு மேல். பனியின் மேல் படுப்பதென்றால் 6-க்குக் குறைந்து போகாதீர்கள். எளிதில் குளிர் பிடிக்கும் உடல்வாகு உள்ளவர்கள் இதோடு 1 கூட்டிக்கொள்ளுங்கள். பெண்கள் பலருக்கு இது பொருந்தும். ஒரே ஒரு மேட்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், 4-ஐ ஒட்டி எடுங்கள் என்பேன். கூடுதல் ஆர்-மதிப்பு வெயில் காலத்தில் பெரிய தொந்தரவு தராது. குறைவான ஆர்-மதிப்பு குளிரில் உங்களைத் தூங்கவே விடாது.

கேள்வி: 10 செ.மீ. தடிமனுள்ள காற்று மெத்தை வைத்திருக்கிறேன். இதைவிடக் கதகதப்பு எதில் கிடைக்கும்?

உள்ளே வெப்பக்காப்பு இல்லாத வெறும் காற்று மெத்தை என்றால், பெரும்பாலான மேட்கள் அதைவிட மேல்தான். தடிமன் வேறு, கதகதப்பு வேறு. உள்ளே தடுப்பில்லாத பெரிய அறைகளில் காற்று சும்மா நிற்காது. உங்கள் அசைவாலும், மேலுக்கும் கீழுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தாலும் அது உள்ளுக்குள்ளேயே புரண்டு, உடல் சூட்டைத் தரைக்குக் கொண்டு சேர்த்துக்கொண்டே இருக்கும். இப்படிப்பட்ட மெத்தைகளின் ஆர்-மதிப்பு 1-ஐத் தாண்டுவதே கஷ்டம்.

வெப்பக்காப்புள்ள மேட்களில் இந்தப் புரளலைத் தடுக்க உள்ளே செயற்கை இழையோ வாத்து இறகோ வைத்திருப்பார்கள். அல்லது, வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் பளபளப்பான படலத்தை அடுக்கடுக்காகக் கட்டியிருப்பார்கள். இந்தப் படலம் உள்ளவை எடை குறைவு, கதகதப்பு அதிகம். ஆனால் புரண்டு படுக்கும்போது சரசரவென்று சத்தம் வரும். சின்னச் சத்தத்துக்கும் விழித்துக்கொள்பவர் என்றால், இழை வைத்ததை எடுங்கள், கொஞ்சம் எடை கூடினாலும் பரவாயில்லை.

கேள்வி: ஒருக்களித்துத்தான் எனக்குத் தூக்கம் வரும். எந்த மேட்டில் படுத்தாலும் காலையில் இடுப்பு வலிக்கிறது.

ஒருக்களித்துப் படுக்கும்போது உடல் எடை முழுவதும் தோள், இடுப்பு என்ற இரண்டு இடங்களில் இறங்குகிறது. இரண்டு செ.மீ. ஃபோம் அதைத் தாங்காது. உங்களுக்கு 7.5 செ.மீ. அல்லது அதற்கு மேல் தடிமனுள்ள காற்று மேட்தான் சரி. ஆனால் தடிமனான மேட் வாங்கிய பிறகும் வலிக்கிறது என்று எழுதுபவர்கள் உண்டு. அவர்களில் பலர் செய்வது, அடைக்க முடிகிற அளவு காற்றை அடைத்துக் கல்லாக்கிவிடுவது.

இப்படிச் செய்து பாருங்கள். முதலில் இறுக்கமாகக் காற்று நிரப்பி, நீங்கள் தூங்கும் அதே நிலையில் ஒருக்களித்துப் படுங்கள். கையை நீட்டி வால்வைத் துளித் துளியாகத் திறந்து காற்றை விடுங்கள். முதலில் தோள் உள்ளே இறங்கும், அடுத்து இடுப்பு. கழுத்திலிருந்து இடுப்பு வரை முதுகு வளையாமல் நேராக வந்துவிட்டது என்று தோன்றும் இடத்தில் வால்வை மூடுங்கள். இப்போது உடன் இருப்பவர் மேட்டுக்கு அடியில், உங்கள் இடுப்புக்கு நேராகக் கையை விட்டுப் பார்க்கட்டும். எலும்பு கையில் இடித்தால் காற்று போதவில்லை. இடிக்கவில்லை என்றால் அதுதான் உங்கள் அளவு. எழுந்து உட்கார்ந்தால் தரை தட்டலாம், அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

அகலத்தையும் பாருங்கள். வழக்கமான அகலம் 51 செ.மீ. அதில் முழங்காலை மடக்கினால் கால் வெளியே போய்விடும். 64 செ.மீ. அகலமானதில் எடை கொஞ்சம் கூடும். ஒருக்களித்துப் படுப்பவர்களுக்கு அந்த எடை வீண் இல்லை.

கேள்வி: ஃபோம், தானாகக் காற்று நிரம்புவது, ஊதுவது – இந்த மூன்றில் எது?

முதுகில் சுமந்து நாள் கணக்கில் நடப்பவர்களுக்கு, ஊதும் வகையில் வெப்பக்காப்புள்ளது. வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஒரே இடத்தில் தங்குபவர்களுக்கு, தானாக நிரம்பும் தடிமனான வகை. கனமும் பருமனும் அதிகம், ஆனால் படுக்க நிலையாக இருக்கும். மல்லாந்து படுத்தே தூங்கிவிடக்கூடியவர்களுக்கும், முள்ளும் கல்லுமான இடங்களுக்குப் போகிறவர்களுக்கும் மடக்கும் ஃபோம். அது 400 கிராம் அளவில் கிடைக்கும், ஓட்டை விழாது, ஆர்-மதிப்பு 2-ஐ ஒட்டி இருக்கும்.

கடுங்குளிருக்கு ஃபோமையும் காற்று மேட்டையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் போடலாம். ஆர்-மதிப்புகள் கூடிக்கொள்ளும்: 2-ம் 4-ம் சேர்ந்தால் 6. காற்று மேட் நடு இரவில் பழுதானாலும், ஃபோம் மிச்சமிருக்கும். பனிப் பிரதேசத்துக்குப் போகும் யாருக்கும் இந்த ஜோடியைத்தான் சொல்வேன்.

கேள்வி: மேட்டுக்கு அடியில் வெள்ளி நிற அவசரப் போர்வையை விரித்தால் சூடு கூடுமா?

கூடாது. வெப்பத்தைத் திருப்பி அனுப்ப அந்தப் பளபளப்புக்கு முன்னால் காற்று இடைவெளி வேண்டும். மேட்டுக்கும் தரைக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தால் அது வெறும் பிளாஸ்டிக் தாள். ஈரம் ஏறாமல் தடுக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: ராத்திரி கெட்டியாக இருந்த மேட் விடியற்காலையில் தளர்ந்துபோகிறது. ஓட்டையா?

கொஞ்சம் தளர்ந்தால் ஓட்டை இல்லாமலும் இருக்கலாம். நீங்கள் ஊதிய 30 டிகிரிக் காற்று 5 டிகிரிக்குக் குளிர்ந்தால், அதன் அளவு கிட்டத்தட்ட 8 சதவீதம் சுருங்கும். ஊதி அரை மணி நேரம் கழித்து, படுக்கும் முன் மறுபடி கொஞ்சம் நிரப்புங்கள். காலையில் வெயில் ஏறும்போது இதுவே தலைகீழாக நடக்கும். சூடான கூடாரத்துக்குள் நிறைந்த மேட்டை விட்டுப் போனால் காற்று விரிந்து உள்தடுப்புகள் பிய்ந்துகொள்ளலாம். வால்வைத் திறந்துவிட்டுப் போங்கள்.

முதுகு தரையில் படுமளவுக்கு இறங்கினால், அது ஓட்டைதான். முதலில் வால்வில் மண் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் நன்றாக ஊதி, சோப்புத் தண்ணீரைப் பஞ்சால் தடவிக்கொண்டே வாருங்கள். குமிழி கிளம்பும் இடத்தைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு, காற்றை முழுவதும் எடுத்து, துடைத்துக் காயவைத்து, சுத்தம் செய்ய உதவும் ஆல்கஹால் துணியால் தேய்த்துவிட்டு ஒட்டுப்போடுங்கள். ஈரத்தின் மேல் ஒட்டியது நிற்காது.

கேள்வி: வாயால் ஊதலாமா? வீட்டில் எப்படி வைப்பது?

எப்போதாவது ஊதினால் பரவாயில்லை, பழக்கமாக வேண்டாம். மூச்சிலுள்ள ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். இறகு வைத்த மேட்டில் இறகு கட்டிக்கொண்டு உப்பல் போய்விடும். காற்றைப் பிடித்து அழுத்தும் பம்ப் பை மிக லேசானது, மேட்டோடேயே பல நேரம் வரும். வீட்டில் தானாக நிரம்பும் வகையைச் சுருட்டி வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் ஃபோம் அழுந்தியே கிடந்தால் மறுபடி முழுதாக எழாது. வால்வைத் திறந்து, விரித்த நிலையில் கட்டிலுக்கு அடியிலோ அலமாரிக்குப் பின்னாலோ தள்ளி வையுங்கள்.