கோல்பெர்க்கில் வந்த கண்ணீர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற வாரம் 'கோல்பெர்க்' பார்த்தேன். கோயபல்ஸ் உத்தரவிட்டு எடுத்த நாஜிப் பிரச்சாரப் படம் என்று தெரிந்துதான் உட்கார்ந்தேன். ஆனாலும் கடைசியில் ஊரைக் காக்க முன்னின்ற கிழவர் நெட்டெல்பெக், எல்லாம் இழந்த மரியாவைத் தேற்றும் இடத்தில் அழுதுவிட்டேன். அன்று இரவெல்லாம் உறுத்திக்கொண்டே இருந்தது. இப்படிப்பட்ட படங்களை நாம் பார்க்கலாமா?

ர.

அன்புள்ள ர.,

பார்க்கலாம். அழுததற்காக உறுத்தலும் வேண்டாம். அழவைக்கவென்றே அமைத்த காட்சி அது. அமைத்தவர்கள் தொழில் தெரிந்தவர்கள். அந்தக் கண்ணீரைப் படம் எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்று மட்டும் இன்னொரு முறை பாருங்கள்.

மரியா வீட்டையும் தந்தையையும் சகோதரனையும் இழந்து நிற்கிறாள். கிழவர் என்ன சொல்கிறார்? நீ எல்லாவற்றையும் கொடுத்தாய், அது வீண்போகவில்லை. மரணம் வெற்றியோடு பின்னிக் கிடக்கிறது. நீ உன் இடத்தில் நின்றாய், கடமையைச் செய்தாய், சாக அஞ்சவில்லை, நீயும் வென்றாய் என்கிறார். ஒரு பெண்ணின் துக்கம் சில வாக்கியங்களில் அரசின் கணக்கில் வரவாகிவிடுகிறது. யார் எடுத்த முடிவால் இழந்தோம் என்று கேட்க அவளுக்கு வாயே கொடுக்கவில்லை. விஷம் அங்கேதான் இருக்கிறது.

கதை 1807-ல் நடக்கிறது. நெப்போலியனின் படை முற்றுகையிட்ட கோல்பெர்க் என்ற பால்டிக் கடலோர ஊரை மக்களும் சிப்பாய்களும் சேர்ந்து காக்கிறார்கள். 1943 ஜூனில் கோயபல்ஸ் இதை இயக்குநர் வைட் ஹார்லனிடம் ஒப்படைத்தார். ஜெர்மனி தோற்றுக்கொண்டிருந்த நாட்களில் ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் நடிக்க வந்தார்கள். பனிக்காட்சிக்காக வேகன் வேகனாக உப்பு வந்து இறங்கியது. 1944 அக்டோபரிலோ, 16 முதல் 60 வயது வரையிலான ஆண்களைத் திரட்டி 'ஃபோல்க்ஸ்ஷ்டுர்ம்' என்ற மக்கள்படையை அமைப்பதாக அறிவித்தார்கள். அந்தப் பையன்களிடமும் கிழவர்களிடமும், அவர்களை அனுப்பிவைக்க வேண்டிய மரியாக்களிடமும்தான் படம் பேசியது.

1945 ஜனவரி 30 அன்று பெர்லினிலும், ஜெர்மன் படை முற்றுகையில் சிக்கியிருந்த பிரெஞ்சுத் துறைமுகம் லா ரோஷலிலும் முதல் காட்சி. லா ரோஷலுக்குப் படச்சுருளை விமானத்திலிருந்து போட வேண்டியிருந்தது.

47 நாள் கழித்து, மார்ச் 18-ல், நிஜக் கோல்பெர்க் எதிரிகளின் கையில் விழுந்தது. இன்று அது போலந்தின் கோவோப்ஷெக். ஊர் கைவிடப்பட்ட செய்தி ராணுவ அறிக்கையில் வராமல் பார்த்துக்கொண்டதைக் கோயபல்ஸ் தன் நாட்குறிப்பிலேயே எழுதிவைத்திருக்கிறார். அத்தனை உப்பைக் கொட்டிப் படமாக்கிய ஊரின் முடிவுக்கு ஒரு வரிகூடக் கிடையாது! எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

ஜெர்மனியில் 'கோல்பெர்க்' போன்ற 40-க்கும் மேற்பட்ட படங்களை அறிமுக உரையும் கலந்துரையாடலும் இல்லாமல் பொதுவில் திரையிட முடியாது. நல்ல ஏற்பாடு. நீங்கள் தனியாகப் பார்த்ததால், பிறகு பேச ஆளில்லாமல் தவித்திருக்கிறீர்கள்.

அடுத்து பெர்ன்ஹார்ட் விக்கி 1959-ல் எடுத்த 'டி ப்ருக்கெ' ('பாலம்') படத்தைப் பாருங்கள். விக்கி இளைஞராக இருந்தபோது நாஜிகளின் சாக்ஸன்ஹவுஸன் முகாமில் அடைபட்டிருந்தவர். போரின் கடைசி நாட்களில், பள்ளி மாணவர்கள் ஏழு பேர் ஒன்றுக்கும் உதவாத ஒரு பாலத்தைக் காக்க நிற்கிறார்கள். உயிரோடு மிஞ்சுவது ஒருவன். தேற்ற அங்கே எந்தக் கிழவரும் வருவதில்லை. திரையில் ஓர் அறிவிப்பு மட்டும் வருகிறது: இது 1945 ஏப்ரல் 27 அன்று நடந்தது; எந்த ராணுவ அறிக்கையிலும் குறிப்பிடும் அளவுக்கு முக்கியமில்லாதது.