உடன்படிக்கையில் சேராத வல்லரசு

கேள்வி: தென்சீனக் கடலுக்கு அமெரிக்கப் போர்க்கப்பல்கள் சென்றுவருவது எல்லா நாடுகளின் கடற்பயணச் சுதந்திரத்தைக் காப்பதற்காகத்தானே? அவற்றோடு சேர்ந்து செல்ல இந்தியா ஏன் தயங்க வேண்டும்?
— ஒரு வாசகர், செம்பூர், மும்பை

பதில்: சீனா உரிமை கொண்டாடுவது தவறு என்பதில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். பிலிப்பைன்ஸ் தொடுத்த வழக்கில், ஒன்பது கோடுகளை வரைந்து அதற்குள் இருக்கும் கடல்வளம் தனக்கே உரியது என்று சீனா கூறுவதற்குச் சட்ட அடிப்படை எதுவும் இல்லை என நடுவர் தீர்ப்பாயம் 2016 ஜூலை 12 அன்று தீர்ப்பளித்தது. சீனா அதை ஏற்கவில்லை.

ஆனால் அமெரிக்கக் கப்பல்கள் எந்த உரிமையை நிலைநாட்டச் செல்கின்றன என்பதை நம் அரபிக்கடலில் நடந்ததை வைத்தே பார்க்கலாம். 2021 ஏப்ரல் 7 அன்று ஜான் பால் ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல், லட்சத்தீவுக்கு மேற்கே சுமார் 130 கடல் மைல் தொலைவில், கடல்வளத்தின் மீது நமக்கே உரிமையுள்ள பிரத்யேகப் பொருளாதார மண்டலத்துக்குள், நம்மிடம் கேட்காமலே சென்றது. அத்துடன், இந்தியாவின் மிகையான உரிமைகோரலை மறுப்பதற்காகவே சென்றதாக அமெரிக்காவின் ஏழாவது கடற்படைப் பிரிவு அறிக்கையும் வெளியிட்டது. தென்சீனக் கடலில் சீனாவுக்கு எதிராக நடத்தப்படும் அதே நடவடிக்கைதான் இது. கடற்பயணச் சுதந்திரம் என்ற பெயரில் 1979 முதல் நடைபெறும் இந்த அமெரிக்கத் திட்டம் நட்பு நாடு, பகை நாடு என்று பார்ப்பதில்லை.

அவர்கள் மறுக்கும் நம் உரிமை எது? 1995இல் ஐ.நா. கடல்சார் சட்ட உடன்படிக்கையை ஏற்றபோதே, கரையிலிருந்து 200 கடல் மைல் வரை நீளும் அந்த மண்டலத்தில் பிற நாடுகள் நம் ஒப்புதலின்றிப் போர்ப் பயிற்சி நடத்தக் கூடாது என்பது நம் நிலைப்பாடு என்று அறிவித்திருக்கிறோம். 12 கடல் மைல் எல்லைக்குள் வரும் அந்நியப் போர்க்கப்பல் முன்கூட்டியே தகவல் தர வேண்டும் என்கிறது நமது 1976ஆம் ஆண்டுச் சட்டம். சீனாவோ அனுமதியே பெற வேண்டும் என்கிறது. கேட்கக் கசப்பாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும்: தீவுகளையும் கடல்வளத்தையும் பற்றிய வழக்கில் சீனாவின் பக்கம் நியாயம் இல்லை, போர்க்கப்பல்களைப் பற்றிய வாதத்திலோ நாம் வாஷிங்டனைவிடப் பெய்ஜிங்குக்கே அருகில் நிற்கிறோம். அமெரிக்காவுடன் சேர்ந்து அந்த ரோந்துக்குச் சென்றால், லட்சத்தீவுக்கருகே நாம் எழுப்பிய ஆட்சேபத்தை நாமே திரும்பப் பெற்றதாகிவிடும்.

எந்த உடன்படிக்கையின் பெயரால் அமெரிக்கா பிறரைக் கேள்வி கேட்கிறதோ, 1982இல் உருவான அந்த உடன்படிக்கையில் அது இன்றுவரை சேரவில்லை. நிகரகுவாவின் துறைமுகங்களில் அது கண்ணிவெடி வைத்தது சட்டவிரோதம் என்று 1986இல் சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, வணிகக் கப்பல்களின் பாதையையே மறித்த அச்செயலுக்கான தீர்ப்பை அது ஏற்க மறுத்தது. 2016இல் சீனா செய்ததும் அதுவேதான். வங்கக் கடலில் வங்கதேசத்தோடு நமக்கு இருந்த எல்லை வழக்கில், சுமார் 25,600 சதுர கிலோமீட்டர் பரப்பில் 19,467 சதுர கிலோமீட்டர் அந்தச் சிறிய நாட்டுக்கே உரியது என்று 2014 ஜூலையில் நடுவர் மன்றம் சொன்னபோது, இந்தியா அதற்குக் கட்டுப்பட்டது. வெளியுறவுக் கொள்கையில் நாம் பெருமைப்பட வேண்டிய செயல்களில் இதை நான் முன்வரிசையில் வைப்பேன்.

நம் நவசேவா துறைமுகத்திலிருந்து கிழக்காசியா செல்லும் சரக்குக் கப்பல்களுக்கு அந்தக் கடல்வழி திறந்திருக்க வேண்டும் என்ற உங்கள் கவலை நியாயமானது. அதற்காகத்தான் 2016 தீர்ப்பை மதிக்குமாறு 2023 ஜூனில் பிலிப்பைன்ஸுடன் சேர்ந்து இந்தியா வெளிப்படையாகக் கோரியது. அந்தக் கோரிக்கையை இன்னும் உரக்கச் சொல்ல நாம் தயங்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் ரோந்தில் சேர்வதென்றால், முதலில் அந்நாடு உடன்படிக்கையில் சேரட்டும். அதன் பிறகும்கூட, 1995இல் நாம் செய்த அறிவிப்பைக் கைவிடலாமா என்பதை நம் நாடாளுமன்றம் விவாதித்து முடிவு செய்யட்டும்.