மணல் குடித்த சேறு எங்கே போகிறது?

கேள்வி: எங்கள் வீட்டில் போர் போட்டபோது குழியில் கலக்கி வைத்த சேற்றுத் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. "மணல் குடிக்குதும்மா" என்றார் போர்க்காரர். அப்படிக் குடித்தது எங்கே போகிறது? என் தாத்தா இங்கே பர்மாவின் யேனாஞ்சாங் எண்ணெய் வயலில் வேலை பார்த்தவர், அங்கேயும் இப்படித்தானா?
– வாசகி, தன்லின்

பதில்: போர்க்காரர் சொன்னது பாதி சரிம்மா. மணல் குடிப்பது பெரும்பாலும் சேற்றில் இருக்கிற தண்ணீரைத்தான். ராகிப் பாலைத் துணியில் வடிகட்டியிருப்பீர்கள்; முதலில் கடகடவென்று இறங்கும், அப்புறம் மாவு துணியில் அப்பிக்கொண்டு சொட்டுச் சொட்டாகிவிடும். துளையின் சுவரிலும் அதே கதை. களிமண் சுவரில் படிந்து மெல்லிய ஆடை கட்டுகிறது, தண்ணீர் மட்டும் உள்ளே கசிகிறது.

எண்ணெய்க் கிணற்றில், துளை இடியாமலும் வாயு பீறிடாமலும் இருக்கச் சேற்றை வேண்டுமென்றே கனமாகக் கலக்குவார்கள். 1000 மீட்டர் ஆழத்தில் தண்ணீர் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 100 கிலோ அழுத்தும், தண்ணீரைப் போல 1.2 மடங்கு கனமான சேறு 120 கிலோ. பாறைக்குள் இருக்கிற நுண்துளைகளில் இருப்பது தண்ணீரின் அழுத்தம்தான் என்றால், மிச்சமுள்ள 20 கிலோதான் உள்ளே தள்ளுகிறது. ஆடை தடிக்கத் தடிக்கக் கசிவு மந்தமாகும், மொத்தம் கசிந்த தண்ணீர் இரண்டு மடங்காக நேரம் நான்கு மடங்கு வேண்டும். அதனால்தான் சேற்றிலிருந்து எவ்வளவு தண்ணீர் கசிகிறது என்று அளக்கிற 30 நிமிடச் சோதனையை ஏழரை நிமிடத்தில் பார்த்து, வந்ததை இரண்டால் பெருக்கிக்கொள்கிற குறுக்குவழியும் உண்டு!

ஒரு வேடிக்கை. நுண்துளை அதிகமுள்ள பாறையில்தான் தண்ணீர் தூரம் போகும் என்று நினைப்போம், பல நேரம் நேர்மாறு. எவ்வளவு கசியலாம் என்பதை ஆடைதானே முடிவு செய்கிறது, இடம் நிறைய இருந்தால் அந்தத் தண்ணீர் பக்கத்திலேயே அடங்கிவிடும், இடம் குறைவாக இருந்தால்தான் தள்ளிக்கொண்டு உள்ளே போகும்.

யேனாஞ்சாங்கில் பிரிட்டிஷார் வருவதற்கு முன்பே துவின்சா எனப்படும் பரம்பரைக் கிணற்றுச் சொந்தக்காரக் குடும்பங்கள் கையால் தோண்டிய கிணறுகளில் இந்தத் தொல்லையே இல்லை, எண்ணெய் தானாக ஊறியது. சேறு விட்டுத் துளைக்கும்போதுதான் கசிந்த நல்ல தண்ணீர் பாறையிலுள்ள களிமண்ணை உப்ப வைத்து எண்ணெய் வரும் வழியை அடைக்கும். அதைத் தடுக்கச் சேற்றில் பொட்டாசியம் குளோரைடு கலப்பார்கள். பாறையில் பெரிய வெடிப்பு இருந்தாலோ ஆடையே கட்டாது, சேறு முழுசாகவே போய்விடும், உமியைக் கூடக் கொட்டி அடைப்பார்கள்.

உங்கள் போரிலும் அந்த ஆடை இன்னும் மணலை மூடிக்கொண்டிருக்கலாம். தண்ணீர் கலங்கலாகவோ குறைவாகவோ வந்தால் கம்ப்ரஸர் வைத்துக் காற்றடித்து, தெளிகிறவரை இறைக்கச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் மோட்டார் வாங்காதீர்கள்.