பேஸ்பாலில் யூட்டிலிட்டி பிளேயர் என்றால் யார்? ஏன் அடிக்கடி அணி மாறுகிறார்?

ஒரே இடத்தில் நிற்காமல், தேவைப்படும் இடத்திலெல்லாம் ஃபீல்டிங் செய்யக்கூடியவர்தான் யூட்டிலிட்டி பிளேயர். பையைத் திறந்தால் இரண்டு மூன்று கையுறைகள் இருக்கும்: மைதானத்தின் உள்பகுதியான இன்ஃபீல்டுக்குச் சின்னது, வெளிப்பகுதியான அவுட்ஃபீல்டுக்கு நீளமானது.

அமெரிக்க மேஜர் லீகில் ஓர் அணிக்கு வழக்கமாக 26 பேர்தான், அதில் பாதிப் பேர் பந்து வீசுபவர்கள். மிச்சப் பேரில் யாருக்கு அடிபட்டாலும் ஈடுகட்ட ஆள் வேண்டும். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறவும் வாசலில் வரவேற்கவும் ஓடுகிற சித்தப்பா மாதிரி. எங்கேயும் பொருந்துவதால் ஆள் குறைந்த அணிகள் இவரைக் கேட்டு வாங்குகின்றன. சீசன் நடுவே ஊர் மாறுவது லேசான காரியமில்லை, பாவம்.

"எதிலும் தேறாதவர்" என்று சிலர் நினைப்பது தவறு. பென் சோப்ரிஸ்ட் என்ற யூட்டிலிட்டி பிளேயர் 2015-இல் சீசன் நடுவே ஓக்லண்ட் அணியிலிருந்து கேன்சஸ் சிட்டி அணிக்கு மாறி, மேஜர் லீகின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை வென்றார். அப்புறம் 2016-இல் சிகாகோ கப்ஸோடு மறுபடி வென்று, தொடரின் சிறந்த வீரரும் ஆனார்.